எதில் சமம்?

ஞாயிறு பள்ளிக்கென்று யாரோ தயாரித்த கணக்குத் தாள் ஒன்று வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருக்கிறது. "5 அப்பம் + 2 மீன் = 7 ஆசீர்வாதம்." படம் அழகு, வண்ணம் அழகு, கணக்குதான் உதைக்கிறது. அப்பத்தையும் மீனையும் கூட்டினால் ஏழு உணவுப் பொருள்கள் வரும். ஆசீர்வாதம் எங்கிருந்து வந்தது? ஒரு வசனத்தை ஒட்டிவிட்டால் கிறிஸ்தவக் கணக்கு ஆகிவிடும் என்ற நினைப்பில் எனக்கு உடன்பாடில்லை.

மலேசியாவின் சிலாங்கூரில் உள்ள பெஸ்தாரி ஜெயாவில் (பெயர் மாறிப் பல ஆண்டுகளாகியும் எங்கள் வாயில் அது பத்தாங் பெர்ஜுந்தைதான்) அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் மாலையில் என் வீட்டுக்குப் படிக்க வருகிறார்கள். 8 + 4 = □ + 5 என்று எழுதிக் கொடுத்தால் பலரும் கட்டத்துக்குள் 12 போடுவார்கள். துடுக்கான ஒருவன் எல்லாவற்றையும் கூட்டி 17 என்பான். 7 வருவதற்கு நேரமாகும். 7 = 3 + 4 என்று எழுதினாலோ, "தலைகீழாக இருக்கிறது, டீச்சர்" என்கிறார்கள். சமக்குறி அவர்களுக்கு "விடையைச் சொல்" என்ற உத்தரவு. கால்குலேட்டர் பொத்தானும் அதையேதான் கற்றுக்கொடுக்கிறது.

1557இல் இந்தக் குறியை அச்சில் கொண்டுவந்த வேல்ஸ் மருத்துவர் ராபர்ட் ரெக்கார்ட், ஒரே நீளமுள்ள இரண்டு இணைகோடுகளை வரைந்தார். இவற்றைவிடச் சமமான இரண்டு பொருள்கள் இருக்க முடியாது என்பது அவர் சொன்ன காரணம். அதில் உத்தரவு எதுவும் இல்லை. இரு பக்கமும் ஒன்றே என்று சாட்சி சொல்கிறது, அவ்வளவுதான். சாட்சி என்றால் உண்மையும் உண்டு, பொய்யும் உண்டு. ஆகவே பிள்ளைகளிடம் 9 = 4 + 5, 6 = 6, 8 = 5 + 2 என்று எழுதிக் காட்டி, எந்த வரி பொய் சொல்கிறது என்று கேளுங்கள்.

சட்டை மாட்டும் ஹேங்கரின் இரு முனையிலும் மார்ஜரின் டப்பாக்களைக் கட்டி ஒரு தராசு செய்தோம். ஒரு பக்கம் ஐந்து 20 சென் காசு, மறுபக்கமும் ஐந்து. நிற்கவேண்டிய தராசு சாய்ந்தது. பார்த்தால் ஒரு டப்பாவில் முழுக்கப் பழைய வெள்ளி நிறக் காசுகள், மற்றதில் 2012இல் வந்த பொன்னிறக் காசுகள். பழையது கனம். கடையில் கொடுத்தால் இரண்டுக்கும் ஒரே மிட்டாய்தான். மதிப்பில் சமம், எடையில் இல்லை. எதில் சமம் என்று சொல்லாமல் அந்த இரண்டு கோடுகளைப் போடக்கூடாது என்பதை அன்று நான் விளக்கவே வேண்டியிருக்கவில்லை.

வேதாகமம் இந்த இடத்தில் தானாகவே வந்து நிற்கிறது. பையில் பெரிதும் சிறிதுமாக இரண்டு வகை நிறைகற்களை வைத்திருக்காதே என்கிறது உபாகமம் 25. வாங்க ஒரு கல், விற்க ஒரு கல். இரண்டும் ஒரே எடை என்று வாயால் சொல்வது. ரப்பர் தோட்டத்தில் பால் நிறுக்கும் கொட்டகையில் தராசு முள் எங்கே நிற்கிறது என்று எட்டிப் பார்க்கவும் விடமாட்டார்கள் என்று என் பாட்டி புலம்புவார். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இதற்கு உரை தேவையில்லை.

மனிதர் எல்லாரும் சமம் என்று சும்மா சொன்னால் ஏழு வயதுப் பிள்ளை நம்பாது. உயரத்தில் இல்லை, மதிப்பெண்ணில் இல்லை, அப்பாவின் சம்பளத்தில் நிச்சயமாக இல்லை. தேவசாயலில் படைக்கப்பட்டோம், அதில் சமம் என்று சொல்லுங்கள், கேட்டுக்கொள்ளும்.

மத்தேயு 20இல் வரும் திராட்சத்தோட்டக் கூலியாட்களின் உவமை சின்னப் பிள்ளைகளுக்குக் குழப்பும் என்று ஒதுக்குகிறார்கள். நான் பலகையில் எழுதினேன். வேலை நேரம் 12, 9, 6, 3, 1. கூலி எல்லாருக்கும் ஒரு பணம். சமக்குறியை எங்கே போடலாம், எங்கே போடக்கூடாது? நேரத்துக்கு இடையில் போடக்கூடாது என்பதில் சண்டையில்லை. கூலிக்கு இடையில் போட்டார்கள். செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுபவரின் மகள் ஒருத்தி மட்டும் விடவில்லை: "மறுநாள் எல்லாரும் சாயங்காலம் ஐந்து மணிக்குத்தான் வேலைக்கு வருவார்கள், டீச்சர்."

வெட்டிய குலைக்கு டன்னுக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் வீட்டுப் பிள்ளை. அவள் இதைக் கேட்காமல் இருந்திருந்தால்தான் நான் கவலைப்பட்டிருப்பேன்.