கிரெடிட் கார்டு கைமாற்று ஆகாது

மாணவர்கள் அவசரத்துக்குக் கிரெடிட் கார்டைத் தேய்ப்பது பற்றிப் பேச்சு எடுத்தாலே இரண்டு கட்சி சேர்ந்துவிடுகிறது. "அந்தப் பக்கமே போகாதே" என்பது ஒரு கட்சி. "ஒழுங்காகக் கட்டினால் வட்டியே இல்லாத கடன், இதை விட்டால் வேறென்ன வேண்டும்" என்பது இன்னொரு கட்சி. இரண்டாவதைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் மாதாமாதம் ஒரே தேதியில் சம்பளம் வாங்குகிறவர்கள். அவர்கள் சொல்வதில் பொய் இல்லை. ஆனால் அதை அப்படியே ஒரு மாணவருக்குச் சொல்வது ஆபத்து என்பது என் உறுதியான கருத்து.

அந்த வட்டியில்லாக் காலம் எப்படி வேலை செய்கிறது என்று முதலில் பார்த்துவிடலாம். வங்கி மாத பில் போட்ட மறுநாள் ஒன்றை வாங்கினால், அடுத்த பில் வர 30 நாள், அதைக் கட்ட இன்னும் ஏறக்குறைய 20 நாள், ஆக 50 நாள் வரை கிடைக்கும். அதையே பில் போடுவதற்கு முந்தின நாள் வாங்கினால் 20 நாள் சொச்சம்தான். விளம்பரத்தில் வரும் 50 நாள் எப்போதும் உச்சக் கணக்கு. அதுவும் பில்லை முழுவதுமாக, கடைசித் தேதிக்குள் கட்டுகிறவர்களுக்கு மட்டும்.

அந்த 'முழுவதுமாக' என்பதில்தான் பலர் விழுகிறார்கள். 10,000-க்கு ஒரு பொருள் வாங்கியவர் 50-ஆவது நாளில் 9,500 கட்டிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். எந்த நாட்டுப் பணமாக இருந்தாலும் சரி. வட்டி மாதத்துக்கு 3 சதவீதம், ஆண்டுக்கு 36. மீதி 500-க்குத்தானே வட்டி என்று நினைப்போம். ஆனால் பல வங்கிகளில் பொருள் வாங்கிய நாளிலிருந்து முழு 10,000-க்கும் வட்டி விழும். 50 நாளுக்குக் கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட 490. பாக்கி வைத்தது 500, அதற்கு வந்த வட்டி 490! அதோடும் நிற்பதில்லை. பழைய பாக்கி தீரும்வரை புதிதாக வாங்கும் எதற்கும் அந்தச் சலுகை நாட்கள் கிடையாது, வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடத் தொடங்கும். வட்டி விகிதம் ஊருக்கு ஊர், வங்கிக்கு வங்கி மாறும். 20 சதவீதத்திலும் உண்டு, 40-ஐத் தொடுவதும் உண்டு. கூடக்குறைய இருக்கலாமே தவிர, போகும் வழி பல இடங்களில் இதுதான்.

எனக்குத் தெரிந்த ஒரு மாணவி தேர்வுக் கட்டணத்தைக் கார்டில் கட்டினாள். உதவித்தொகை அடுத்த மாதம் வந்துவிடும், வந்ததும் அடைத்துவிடலாம் என்பது திட்டம். நல்ல திட்டம்தான். ஆனால் சான்றிதழ் சரிபார்ப்பில் ஏதோ சிக்கல், உதவித்தொகை மாதக்கணக்கில் தள்ளிப்போய்விட்டது. ஒருநாள் ஸ்டேட்மெண்டைக் கொண்டுவந்து காட்டினாள். 'மொத்தம் கட்ட வேண்டியது' என்று ஒரு கட்டம், பக்கத்திலேயே 'குறைந்தபட்சம் கட்ட வேண்டியது' என்று இன்னொரு கட்டம், இரண்டும் ஒரே அளவு எழுத்தில். இரண்டாவது தொகையை அவள் ஒரு மாதம்கூடத் தவறாமல் கட்டியிருந்தாள். "கேட்டதைக் கட்டிக்கொண்டுதானே இருக்கிறேன், அப்புறம் ஏன் குறையவே மாட்டேன் என்கிறது?" என்று கேட்டாள். இத்தனைக்கும் கணக்கில் கெட்டிக்காரப் பெண். அந்தக் கட்டத்தைப் பார்க்கும் எவருக்கும் இவ்வளவு கட்டினால் போதும் என்றுதான் தோன்றும்.

போதாது. அதே 10,000, அதே 3 சதவீதம். மாதாமாதம் பாக்கியில் 5 சதவீதம் மட்டும் கட்டிவருகிறீர்கள், கார்டில் புதிதாக ஒன்றுமே வாங்கவில்லை என்று வைத்துக்கொண்டாலும், ஒரு வருடத்தில் நீங்கள் கட்டியிருப்பது சுமார் 5,500. கடன் குறைந்திருப்பது சுமார் 2,300. மீதியெல்லாம் வட்டிக்கே போயிருக்கும். கடன் பாதியாகவே ஏறக்குறைய 32 மாதம் ஆகும். ஒரு முதுகலைப் படிப்பே அதற்குள் முடிந்துவிடும்.

அமெரிக்காவில் 2009-இல் கொண்டுவந்த கிரெடிட் கார்டு சட்டத்தில் இதற்காகவே ஓர் ஏற்பாடு செய்தார்கள். குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டினால் கடன் தீர எத்தனை காலம் ஆகும், 3 வருடத்தில் தீர்க்க மாதம் எவ்வளவு கட்ட வேண்டும் என்பதை ஸ்டேட்மெண்டிலேயே அச்சிட வேண்டும். 21 வயதுக்குக் கீழே உள்ளவர், கடனை அடைக்கச் சொந்த வருமானமோ, பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட இன்னொருவரோ இல்லாமல் கார்டு வாங்க முடியாது என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. இது இளைஞர்களை மட்டம் தட்டுவது என்று சிலர் சொல்லலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வருமானம் இல்லாதவருக்குக் கடன் கொடுக்கும்போது கொடுப்பவருக்கும் பொறுப்பு இருக்கிறது.

கார்டைப் போட்டு ஏடிஎம்மில் பணம் எடுப்பதைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. சலுகை நாள் ஒன்றுகூடக் கிடையாது, எடுத்த நிமிடமே கட்டணம், அன்றிலிருந்தே வட்டி. 5,000 எடுத்து 20 நாளில் திருப்பிக் கட்டினால், 3 சதவீதக் கட்டணம் 150, வட்டி 100, மொத்தம் 250. இருபதே நாளுக்கு 5 சதவீதம். வருடக் கணக்கில் பார்த்தால் 90 சதவீதத்தைத் தாண்டும். செய்யாதீர்கள்.

இவ்வளவு தெரிந்தும் ஏன் கார்டுக்குப் போகிறார்கள்? கார்டு ஒன்றும் கேட்பதில்லை என்பதுதான் காரணம் என்று நினைக்கிறேன். அப்பாவிடம் கேட்டால் "போன மாதம் அனுப்பியது என்னாச்சு" என்பார். அண்ணனிடம் கேட்டால் அண்ணிக்குத் தெரியும். நண்பனிடம் கைமாற்று கேட்கக் கூச்சம், திருப்பித் தரும்வரை அவன் முகத்தைப் பார்க்கச் சங்கடம். கார்டுக்கு முன்னால் இந்தத் தலைகுனிவு இல்லை. அந்த மாணவியும் வீட்டில் சொல்லவே இல்லை. சொல்லியிருந்தால் இரண்டு நாள் திட்டு வாங்கியிருப்பாள், அவ்வளவுதான். பெற்றோர்களிடம் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன்: பிள்ளை பணம் கேட்கும்போது முதல் வார்த்தை விசாரணையாக இருக்க வேண்டாம். கேள்விகளை அப்புறம் கேட்கலாம்.

கல்லூரி அலுவலகத்திலும் பேசிப் பாருங்கள். கட்டணத்தைத் தவணையாகக் கட்ட அனுமதி, கடைசித் தேதியில் சில வாரத் தளர்வு, ஏழை மாணவர் நிதி என்று ஏதாவது ஒன்று பல கல்லூரிகளில் இருக்கிறது. அறிவிப்புப் பலகையில் போட மாட்டார்கள், கேட்டால்தான் சொல்வார்கள்.

கார்டே கூடாது என்று நான் சொல்லவில்லை. கடனை அடைக்கப்போகும் பணம் எது, எந்தத் தேதியில் கைக்கு வரும் என்று உறுதியாகத் தெரிந்து, அந்தத் தேதி பில்லின் கடைசி நாளுக்குச் சில நாட்கள் முன்னால் இருந்தால், தாராளமாகத் தேய்க்கலாம். செய்து முடித்த பகுதிநேர வேலைக்கான சம்பளம் அப்படிப்பட்டது. இன்னும் ஒப்புதல் ஆகாத உதவித்தொகை அப்படிப்பட்டது இல்லை. வந்துவிடும் என்ற நம்பிக்கையை மட்டும் வைத்துத் தேய்க்காதீர்கள்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் முதல் வேலையாக அந்தக் கார்டில் புதிதாக வாங்குவதை நிறுத்துங்கள். வட்டி தினக்கணக்கில் ஏறுவதால் கடைசித் தேதிவரை காத்திருக்காமல், கையில் காசு வந்த அன்றே முடிந்ததைக் கட்டுங்கள். வங்கியைக் கூப்பிட்டு, பாக்கியைக் குறைந்த வட்டியில் தவணைக் கடனாக மாற்ற முடியுமா என்று கேளுங்கள், செயல்முறைக் கட்டணம் எவ்வளவு என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். ஒரு கார்டின் கடனை அடைக்க இன்னொரு கார்டில் பணம் எடுக்க மட்டும் வேண்டாம். ஸ்டேட்மெண்டில் எந்த வரியாவது புரியவில்லை என்றால், பெயரையும் கார்டு எண்ணையும் மறைத்துவிட்டு இன்பாக்ஸில் அனுப்புங்கள், சேர்ந்து பார்க்கலாம்.