தோழர் சபைக்குப் போய் என்ன செய்தவர்?

நேற்று ஒரு கலியாண வீட்டுப் பந்தலில், "உவர் மாகாண சபையில அஞ்சு வருசம் இருந்து என்னத்தைக் கிழிச்சவர்?" என்று ஒருவர் கேட்டார். இரவு முழுக்க மனம் ஆறவில்லை. கேட்டது எங்கட தோழரைப் பற்றி. பெயர் போட்டால் தோழருக்குப் பிடிக்காது. வன்னியில் மூட்டை சுமந்த ஆக்களுக்குத் 'தோழர்' என்றால் ஆரென்று தெரியும்.

1977 இல் தமிழருக்கு எதிராக நடந்த கலவரத்தோடு மலையகத்தில் இருந்து உடுத்த உடுப்போடு வந்து, காடு வெட்டிக் கொட்டில் போட்ட குடும்பம் அவருடையது. அரிசி ஆலைகளில் நாட்டாமை வேலை, அதாவது மூட்டை தூக்கிற வேலை, செய்தபடியே தொழிலாளர் சங்கம் கட்டியவர்.

என்ர அம்மா ஓர் ஆலையில் 11 வருசம் நெல் அவித்தவ. வேலை விட்ட பிறகு கைக்கு வரவேண்டிய சேமலாப நிதிக்கென்று அவவின் சம்பளத்தில் 8 வீதம் மாதாமாதம் வெட்டினார்கள். முதலாளி போடவேண்டிய 12 வீதமும் இல்லை, வெட்டின காசும் போய்ச் சேரவில்லை. அம்மா சம்பளத் துண்டுகளைப் பால்மா பேணிக்குள் சுருட்டி வைத்திருந்தா. தோழர் எங்கட திண்ணையில் இருந்து அவற்றை ஒவ்வொன்றாக உள்ளங்கையால் நீவி, வருசப்படி அடுக்கி, சிவப்புப் பேனையால் இலக்கம் போட்டார். வேலை விட்டுப் போகும்போது முதலாளி கொடுக்கவேண்டிய பணிக்கொடையும் கணக்குப் பார்த்தார்: வருசத்துக்கு அரை மாதச் சம்பளம், 11 வருசத்துக்கு ஐந்தரை மாதம். மூன்று தரம் தொழில் கந்தோருக்குக் கூட்டிப் போனார். உள்ளே போக முதல் அவர் சொன்னது: "அக்கா, நீங்கதான் கதைக்கோணும். நான் பக்கத்தில இருப்பன்." வந்த காசில் கட்டின கிணற்றில்தான் இண்டைக்கும் தண்ணி அள்ளுறம்.

2013 செப்டெம்பர் 21 வட மாகாண சபைத் தேர்தல். 38 ஆசனத்தில் தமிழ்த் தேசியக் கூட்டமைப்புக்கு 30. வன்னியின் நாலு மாவட்டத்துக்கும் சேர்த்து இருந்த 20 இல் ஒன்றில் தோழர். மலையகத்தில் இருந்து வந்து காணி அனுமதிப்பத்திரம் இல்லாமல் இருக்கிற சனத்துக்குக் காணி எடுத்துக் கொடுப்பது அவரின் முதல் வாக்குறுதி. சரியாக ஐந்தாம் நாள், செப்டெம்பர் 26, அரச காணி அதிகாரம் மாகாணத்துக்கு இல்லை என்று உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அந்த வழக்கே ஒரு மலையகத் தோட்டக் காணியைப் பற்றியது. அதை வாசித்த அன்று தோழர் சாப்பிடவில்லை என்று வீட்டுக்காரி சொன்னா.

தொழில் திணைக்களம் கொழும்பின் கையில். தொடக்கத்தில் ஆளுநர் கதிரையில் ஓய்வுபெற்ற மேஜர் ஜெனரல். தோழர் தன் ஒதுக்கீட்டில் வீதி போட்டார், முன்பள்ளிகளுக்குக் கூரை போட்டார். அவ்வளவுதான் முடிந்தது.

அவரிலும் எனக்கு ஒரு கோபம் உண்டு. சபைக்குப் போகும்போது சங்கத்தை ஒருவரிடமும் ஒப்படைக்கவில்லை. அது காய்ந்துபோனது. ஆலைக்காரருக்கு அது நல்ல காலம். அவரின் முகத்துக்கு நேரேயே இதைச் சொல்லியிருக்கிறேன், மறுக்கவில்லை.

2018 ஒக்டோபரில் சபை கலைந்தது. அதற்கு முதலே, 2017 இல், மாகாண சபைத் தேர்தல் சட்டத்தை மாற்றினார்கள். அடுத்த வருசம் புதுத் தொகுதிகளின் எல்லை நிர்ணய அறிக்கை பாராளுமன்றத்துக்கு வந்தபோது அதற்கு ஆதரவாக ஒரு கைகூட உயரவில்லை. அன்று தொடங்கின இழுபறி, இன்றுவரை தேர்தல் இல்லை. எங்கட கட்சிகளும் அறிக்கை விட்டதோடு சரி. பந்தலில் கேட்ட அண்ணை இதையும் கேட்டிருக்க வேண்டும்.

தேர்தல் வந்தாலும் தான் கேட்கமாட்டேன் என்கிறார் தோழர். ஆடைத் தொழிற்சாலையில் தைத்துக்கொண்டே, வேலை முடிந்து பஸ்ஸுக்குள் மற்றப் பிள்ளைகளுக்குச் சேமலாப நிதிக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிற இரண்டு பிள்ளைகளைக் காட்டுகிறார். ஒருத்திக்கு 26 வயது. வேட்பாளர் பட்டியல் எழுதும் கட்சிக்காரர் அந்தப் பிள்ளைகளின் வீட்டுப் படலையை இப்பவே தட்டவேண்டும். அதற்கு முதல் அந்தப் பிள்ளைகளின் சங்கத்தை ஆர் பொறுப்பெடுப்பது என்பதையும் பேசி முடிக்கவேண்டும்.