டாம் ஆல்டர் வெள்ளைக்காரர்தான், வெளியூர்க்காரர் அல்ல

மாட்டுங்காவில் எங்கள் கட்டட வாட்ஸ்அப் குழுவில் இந்த வாரம் ஒரு செய்தி சுற்றியது: "நடிகர் டாம் ஆல்டர் லண்டன்காரர். சுற்றுலா வந்தவர் பம்பாயிலேயே தங்கி, சினிமாவுக்காக இந்தி கற்றுக்கொண்டார்." கீழே வரிசையாகக் கைதட்டல் படங்கள்.

இது தவறு. அவர் 1950 ஜூன் 22 அன்று முசோரியில் பிறந்தவர். கடல் கடந்து வந்தது அவருடைய தாத்தா பாட்டி. அதுவும் இங்கிலாந்திலிருந்து அல்ல, அமெரிக்காவின் ஒஹாயோவிலிருந்து. 1916இல் அவர்கள் கப்பலைவிட்டு இறங்கியது நம் மெட்ராஸில்! இதை எத்தனை தமிழர்களுக்குத் தெரியும்?

இந்தியும் உருதும் அவர் சிறுவயது முதல் பேசி வளர்ந்த மொழிகள். சத்யஜித் ரேயின் 'ஷத்ரஞ்ச் கே கிலாடி' (1977) பாருங்கள். ஆங்கிலேய அதிகாரியாக வரும் அவர், ஜெனரல் ஊட்ரம் முன் நின்று நவாபின் கவிதையை உருதுவில் சொல்வார். அந்த உச்சரிப்பு ஒரு சுற்றுலாப் பயணிக்கு வராது.

சினிமா ஆசை வந்த கதையும் வேறு. ஹரியானாவின் ஜகாத்ரியில் ஆசிரியராக இருந்தபோது 'ஆராதனா' பார்த்து ராஜேஷ் கன்னாமேல் பித்தானார். அப்புறம் புனே திரைப்படக் கல்லூரி. 2008இல் பத்மஸ்ரீ. 15 வயது சச்சினை வீடியோவில் பேட்டி எடுத்தவரும் இவரே.

2017 செப்டம்பர் 29 அன்று மும்பையில் இறந்தார். பிறந்த மண்ணிலேயே கடைசிவரை வாழ்ந்தவரை வந்தேறி என்பது எனக்கு வலிக்கிறது. அந்தச் செய்தி உங்களுக்கு வந்தால் தயவுசெய்து பகிராதீர்கள்.