தரம் இருந்தா தானா நிக்குமாம்!

சனிக்கிழமை நம் இசை கேட்கும் கூட்டத்தில் நடந்தது வந்திருந்தவர்களுக்குத் தெரியும். வராதவர்களுக்கும் இந்நேரம் வாட்ஸ்அப்பில் வந்து சேர்ந்திருக்கும். பதினெட்டாம் நூற்றாண்டுக் கறுப்பின இசையமைப்பாளர் செவாலியே த சான்-ஜார்ஜின் வயலின் கான்செர்ட்டோ ஓடிக்கொண்டிருக்கும்போதே, "இனி சிம்பொனியிலயும் இடஒதுக்கீடு கேப்பீங்களா?" என்றாரே அந்தப் பெரியவர். எல்லாரும் சிரித்தீர்கள். அடுத்து பொன்மொழி வேறு: "தரம் இருந்தா தானா நிக்கும்மா."

எதுவும் தானா நிற்பதில்லை. யாரோ நிறுத்தி வைக்கிறார்கள். ஜெர்மன் இசைமேதை பாக் இறந்தது 1750-ல். மத்தேயு பேஷன் என்ற அவருடைய பெரிய கிறிஸ்தவ இசைப் படைப்பை 1829-ல் பெர்லினில் மறுபடி மேடையேற்ற மெண்டல்சன் என்ற இருபது வயது இசையமைப்பாளர் வரவேண்டியிருந்தது. பாக்குக்கே ஆள் தேவைப்பட்டிருக்கிறது!

சான்-ஜார்ஜ் 1745-ல் குவாதலூப் தீவில், வெள்ளைத் தோட்ட முதலாளிக்கும் அவரிடம் அடிமையாக இருந்த நானோனுக்கும் பிறந்தவர். இசைமேதை ஹைடனின் பாரிஸ் சிம்பொனிகளை ஆர்க்கெஸ்ட்ரா முன் நின்று நடத்தியவர். 1776-ல் பாரிஸ் ஓபராவின் தலைமைக்கு இவர் பெயர் அடிபட்டதும், அங்கிருந்த நட்சத்திரப் பாடகிகள் சிலர் ராணி மேரி அன்டோனெட்டிடம் மனுப் போட்டார்கள். இந்த நிறத்தவனிடம் உத்தரவு வாங்க எங்கள் கௌரவம் இடம்கொடுக்காது என்று. பதவி போச்சு. இதில் தரம் எங்கே வந்தது? இடஒதுக்கீடு அன்றைக்கே இருந்தது ஐயா. யாருக்கு இருந்தது என்று பாருங்கள்.

சிரித்தவர்களில் பாதிப் பேர் என்னைப் போலவே ரிசர்வேஷனில் படித்து வேலைக்கு வந்தவர்கள். அதுதான் ராத்திரி தூங்கவிடவில்லை.

"எல்லாத்தையும் சாதிக் கண்ணாடி போட்டுப் பாக்குறா" என்பீர்கள். ஆமாம், பார்க்கிறேன். அடுத்து?

"அவர் மொசார்ட் இல்லையே?" இல்லைதான். நாலு வாத்தியத்துக்கு அவர் எழுதிய குவார்ட்டெட்டுகளில் சில எனக்கே சுமார்தான். ஆனால் அதே காலத்து வெள்ளைக்காரச் சுமார்களை எத்தனை மாலைகள் கொட்டாவியை அடக்கிக்கொண்டு கேட்டிருக்கிறோம்! அன்றைக்கெல்லாம் யாரும் தரம் பேசவில்லையே.

பியானோ படித்த காலத்தில் இன்னொரு கறுப்பின இசையமைப்பாளர் சாமுவேல் கோல்ரிட்ஜ்-டெய்லரின் சின்னத் துண்டு ஒன்றை நானே தேடிப்பிடித்துப் பழகிக்கொண்டு போனேன். அப்பா சியரா லியோன்காரர், அம்மா இங்கிலீஷ்காரி, 37 வயதிலேயே போய்விட்டார் என்று கதையெல்லாம் சொன்னேன். டீச்சர் நாலு தாளக்கட்டு கேட்டுவிட்டுப் புத்தகத்தை மூடினார். "முதல்ல பெரியவங்கள முடிம்மா." பெரியவங்க இன்னும் முடிந்தபாடில்லை.

சரி, அமெரிக்கக் கறுப்பினப் பெண் இசையமைப்பாளர் புளோரன்ஸ் பிரைஸ். 1933-ல் சிகாகோ சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ரா இவருடைய முதல் சிம்பொனியை வாசித்தது. பெரிய பேர்தான். அப்படிப்பட்டவர் 1943-ல் பாஸ்டன் சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ராவின் நடத்துனர் கூசெவிட்ஸ்கிக்கு எழுதும்போது, எனக்கு இரண்டு குறைகள், நான் பெண், என் உடம்பில் கறுப்பு ரத்தமும் ஓடுகிறது என்று ஆரம்பிக்கிறார். அந்த மனுஷி அப்படித்தான் ஆரம்பிக்க வேண்டியிருந்தது. கூசெவிட்ஸ்கி அவர் இசையை மேடையேற்றவே இல்லை. 1953-ல் பிரைஸ் இறந்தார். 2009-ல் இல்லினாய்ஸில் பாழடைந்து கிடந்த ஒரு வீட்டைச் சரிசெய்ய வந்தவர்கள் கட்டுக்கட்டாக பிரைஸின் கையெழுத்துப் பிரதிகளைப் பார்க்கிறார்கள். வயலின் கான்செர்ட்டோக்கள், நான்காம் சிம்பொனி. மரம் விழுந்து கூரை பொத்துக் கிடந்தது. காகிதங்கள் இருந்த பக்கம் மட்டும் நனையவில்லை. மரம் நாலடி தள்ளி விழுந்திருந்தால் தரம் எப்படி நின்றிருக்கும் என்று யாராவது சொல்லுங்களேன்.

"நல்ல இசைக்கு நிறம் ஏது?" என்று கீழே எழுத வருகிறவர்கள் அந்த 1776 பாடகிகளிடம் போய்ச் சொல்லுங்கள். என்னிடம் வேண்டாம்.