அந்தக் குழந்தையை ஏன் இழுத்தார்கள்?

2011 மே 5 அன்று பிரிட்டனில் நடந்த வாக்கெடுப்பை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. கேள்வி ஒன்றுதான். வேட்பாளர்களை 1, 2, 3 என்று வரிசைப்படுத்தி வாக்களிக்கும் மாற்று வாக்குமுறைக்கு மாறலாமா, வேண்டாமா?

எதிர்த்தவர்களின் விளம்பரத்தில் குழாய் பொருத்திய ஒரு பச்சைக் குழந்தை. இவளுக்குத் தேவை இதய சிகிச்சைப் பிரிவு, மாற்று வாக்குமுறை அல்ல என்று எழுதியிருந்தார்கள். இன்னொன்றில் ராணுவ வீரர், அவருக்குத் தேவை குண்டு துளைக்காத கவசம் என்று.

புது முறைக்கு 25 கோடி பவுண்டு செலவாகும் என்பது அவர்கள் கணக்கு. அதைப் பிரித்துப் பார்த்தால்தான் கோபம் வருகிறது. பாதிக்கு மேல், 13 கோடி, வாக்கு எண்ணும் இயந்திரங்களுக்கு. அப்படி இயந்திரம் வாங்கும் திட்டமே அரசிடம் இல்லை. ஆஸ்திரேலியாவில் பல தலைமுறைகளாக இதே முறையில் விழும் வாக்குகளைக் கையால்தான் எண்ணுகிறார்கள். அப்புறம், அந்த வாக்கெடுப்பை நடத்தும் செலவையும் அதிலேயே சேர்த்திருந்தார்கள். யார் ஜெயித்தாலும் போகிற பணம் அது! வேண்டாம் என்று குத்தினால் எப்படி மிச்சமாகும்?

ஷாம்பு விளம்பரம் பொய் சொன்னால் அங்கே புகார் கொடுத்து நிறுத்தலாம். வாக்காளரிடம் பேசும் விளம்பரத்துக்கு மட்டும் அந்த விதி பொருந்தாது. இதைத்தான் என்னால் ஏற்கவே முடியவில்லை.

சுமார் 68 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். சரி, அந்த முறை பிடிக்காததாலேயே பலர் அப்படி வாக்களித்திருக்கலாம், அது அவர்கள் உரிமை. ஆனால் மருத்துவமனையில் பிள்ளையை வைத்துக்கொண்டு தவித்த எத்தனை பெற்றோர் அந்தப் படத்தைக் கடந்து போயிருப்பார்கள்?