சட்டி கேட்டால் தட்டு தருகிறார்கள்

நாகர்கோவிலில் இருந்து மார்த்தாண்டம் வரைக்கும் ரோட்டோரத்தில் நர்சரிக்கா பஞ்சம்? ஆனால் "வளர்ப்பில் இருக்கிற போன்சாய்க்கு, அதான் சட்டியில் வளர்க்கிற குட்டை மரத்துக்கு, ஒரு சட்டி வேணும்" என்று கேட்டுப் பாருங்கள். பளபளவென்று ஒரு நீலப் பீங்கான் தட்டு அலமாரியில் இருந்து இறங்கும். ஆழம் 2 அங்குலம். கவிழ்த்துப் பார்த்தால் நடுவில் ஒரே ஓட்டை, அதில் சுண்டுவிரல்கூட நுழையாது. சிலதில் அதுவும் கிடையாது. "ஓட்டையெல்லாம் நாமளே போட்டுக்கலாம் அண்ணாச்சி" என்கிறார் கடைக்காரர். துளைக்கிறபோது அது இரண்டாகப் பிளந்தால் காசை அவரா தருவார்?

அந்தத் தட்டு, மரம் ஓர் உருவத்துக்கு வந்தபிறகு ஏற வேண்டிய இடம் ஐயா! பென்சில் கனத்தில் நிற்கிற ஆலங்கன்றை இப்போதே அதில் ஏற்றினால் காலத்துக்கும் பென்சில்தான். அடிமரம் பருக்க வேண்டுமென்றால் மேலே இலை தழைக்க வேண்டும், கீழே வேர் ஓட இடம் வேண்டும்.

அப்புறம் நம்ம ஊர் மழை. ஜூனில் ஒரு பருவம், அக்டோபரில் இன்னொன்று. எந்தச் சட்டியிலும் தண்ணீர் வடிந்த பிறகும் அடிமண் கொஞ்சம் சொதசொதவென்றுதான் இருக்கும். ஒரே மண் என்றால், சட்டி உயரமோ குட்டையோ, அந்த ஈரத்தின் உயரம் மாறாது. 8 அங்குலச் சட்டியில் அது அடியிலேயே நின்றுவிடும். 2 அங்குலத் தட்டில் வேர் முழுக்க அதற்குள்தான் கிடக்கும். போதாததற்குச் செம்மண்ணை வேறு அமுக்கித் திணித்துத் தருகிறார்கள். வேர் அழுகாமல் என்ன செய்யும்?

என் மரங்கள் காய் கழுவுகிற பிளாஸ்டிக் கூடையில்தான் நிற்கின்றன. உடைத்த செங்கல் சல்லி, ஆற்றுமணல், கொஞ்சம் சிரட்டைக்கரி. வேர் நுனி ஓட்டையில் எட்டிப் பார்த்ததும் காற்றுப் பட்டுக் காய்ந்துவிடும், பின்னால் இருந்து புதுக் கிளைவேர்கள் கிளம்பும். வழவழத்த வட்டத் தொட்டியில் அதே வேர் சுவரோடு சுற்றிச் சுற்றியே வளரும். சித்திரை வெயிலில் கூடைக்கு இரண்டு வேளை தண்ணீர் ஊற்ற வேண்டும், அது உண்மைதான். குளச்சல் பக்கம் மீன் வருகிற தெர்மாகோல் பெட்டியும் நல்லதுதான், உப்புப் போகக் கழுவி அடியில் நிறைய ஓட்டை போட்டால்.

இதற்கு வீட்டுக்கு வருகிறவர்களின் கேலி வேறு. "புட்டுக்கு அரிசி கழுவி வச்சிருக்கியளா?" என்கிறார் மச்சான். போகட்டும்.

சரி, மண்சட்டியாவது செய்து வாங்கலாம் என்று போனேன். 6 அங்குல ஆழம், அகன்ற வாய், அடியில் பெரிய ஓட்டைகள் நாலு, ஆரல்வாய்மொழிக் காற்றுக்கு மரம் ஆடாமல் கம்பி கோத்துக் கட்ட ஓரமாகச் சின்னதாய் இரண்டு. பச்சை மண்ணாக இருக்கும்போதே ஒரு குச்சியால் குத்தினால் முடிந்தது. "இவ்வளவு ஓட்டை போட்டா தண்ணி நிக்காதே சார்!" என்கிறார் சட்டி செய்கிறவர். நிற்கக் கூடாது என்றுதானே மனுஷன் நாயாய் அலைகிறேன்!