"விரல்தான் சேஃப்டி"ன்னு எனக்குப் பாடம் எடுத்தவங்களுக்கு

சனிக்கிழமை நம்ம டாலஸ் குழுவில் நடந்ததைப் பார்க்காதவங்களுக்காகச் சுருக்கமாச் சொல்லிடறேன். அந்தத் தம்பி கேட்டது ஒரே கேள்வி: முதல் துப்பாக்கி, வீட்டில் மூணு வயசுப் பையன் இருக்கான், எது வாங்கலாம்? பத்து நிமிஷத்தில் எல்லாரும் க்ளாக், க்ளாக்னு (ஆஸ்திரியக் கம்பெனியோட பிளாஸ்டிக் உடல் கைத்துப்பாக்கி) எழுதித் தள்ளிட்டாங்க. நான் ஒரே வரி எழுதினேன்: "மேனுவல் சேஃப்டி இருக்கிற மாடலாப் பாருப்பா." அதாவது, கையால தள்ளிப் பூட்டற தாழ் உள்ளது. உடனே சிலர் "விரல்தான் சேஃப்டி"ன்னு பாடம் எடுத்தாங்க: சுடற வரைக்கும் ட்ரிக்கர் (விசை) மேல விரலை வைக்காம இருந்தாப் போதுமாம். இன்னொரு பதில், "அக்காவுக்கு ஸ்லைடு இழுக்கவே தெம்பு பத்தாது போல." (ஸ்லைடுங்கறது துப்பாக்கியோட மேல்பாகம், தோட்டா ஏத்த அதைப் பின்னால இழுக்கணும்.) அதுக்குக் கீழே அத்தனை சிரிப்பு. சிரிச்சவங்கள்ல நாலு பேர் எங்க வீட்டுப் பொங்கலுக்கு வந்து சாப்பிட்டவங்க.

பதினோரு வருஷமா மாசத்துக்கு ரெண்டு தடவை ரேஞ்சுக்குப் போறேன். ஸ்லைடு நல்லாவே இழுப்பேன்.

முதல்ல ஒண்ணு தெளிவாச் சொல்லிடறேன். நான் பாலிமருக்கு, அதாவது க்ளாக் மாதிரி பிளாஸ்டிக் உடல் துப்பாக்கிக்கு, எதிரி இல்லை. என் கையில் இருக்கிறதும் பாலிமர்தான். 1982-ல ஆஸ்திரிய ராணுவம் க்ளாக் 17-ஐ எடுத்துக்கிட்டப்போ "பிளாஸ்டிக் துப்பாக்கி"ன்னு உலகமே கேலி பண்ணுச்சு. அதுக்கும் 12 வருஷம் முன்னாடியே ஜெர்மனியில் வி.பி.70-ங்கற பிஸ்டல் பாலிமர் பிரேமோட வந்தாச்சு. ஏர்போர்ட் எக்ஸ்ரேயில தெரியாதுன்னு அன்னிக்குக் கிளம்பின கதையை இன்னும் சிலர் நம்பறாங்க. குழலும் ஸ்லைடும் முழுக்க ஸ்டீல், அது எப்படித் தெரியாமப் போகும்? தோட்டா போடாத க்ளாக் 17 சுமார் 625 கிராம். பழைய ஸ்டீல் உடல் பிஸ்டல் 1911 ஒரு கிலோவுக்கு மேல. நாள் பூரா இடுப்பில் கட்டிக்கிட்டு நடந்தவங்களுக்குத்தான் அந்த வித்தியாசம் தெரியும். வேர்வையில துருப்பிடிக்காது, மேகசின்ல (தோட்டா அடுக்கற பெட்டி) 17 தோட்டா, உதிரி பாகம் எந்த ஊர்லயும் கிடைக்கும். எல்லாமே நல்ல விஷயம்தான், மறுக்கலை.

கனம் குறைஞ்சா சுடறப்போ உதை கொஞ்சம் கூடும். மணிக்கட்டைத் தளர்வாப் பிடிச்சா காலி உறை வெளியே வராம ஸ்லைடுல சிக்கும், புதுசாக் கத்துக்கறவங்களுக்கு இது அடிக்கடி நடக்கும். ஆனா பழகினாச் சரியாயிடும், அதைப் பெரிய குறைன்னு நான் சொல்ல மாட்டேன்.

நான் சொல்ற குறை பிளாஸ்டிக்குல இல்லை, ட்ரிக்கர்ல இருக்கு. வழக்கமான க்ளாக்குல கட்டைவிரலால் தள்ளிப் பூட்டற சேஃப்டி கிடையாது. உள்ளே மூணு சேஃப்டி இருக்குன்னு சொல்வீங்க. இருக்கு. கீழே விழுந்தா வெடிக்காம அது காப்பாத்தும். ஆனா ட்ரிக்கரை யார் விரல் அழுத்தினாலும் மூணும் ஒண்ணா விலகிடும். அது உங்க விரலா, மூணு வயசு விரலான்னு அதுக்குத் தெரியாது. சுத்தம் பண்ணக் கழட்டணும்னாலும் முதல்ல ட்ரிக்கரை அழுத்தியாகணும்.

"சேம்பரைப் பார்த்துட்டு அழுத்தணும், அதுதான் விதி"ன்னு ஒருத்தர் எழுதியிருந்தார். சேம்பர்ங்கறது குழலோட பின்பக்கம் தோட்டா உட்கார்ற இடம், மேகசினைக் கழட்டினாலும் அங்கே ஒண்ணு இருக்கலாம். விதி எனக்கும் தெரியும். என் கணவருக்கும் தெரியும்.

ஆறு வருஷம் முன்னாடி, ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம். சமையலறை மேஜையில பழைய துண்டை விரிச்சு, எண்ணெய், பிரஷ் எல்லாம் எடுத்து வெச்சார். எந்தக் கம்பெனித் துப்பாக்கின்னு இங்கே வேண்டாம். மேகசினைக் கழட்டினார், அந்த நேரம் பார்த்து போன் அடிச்சுது. பேசி முடிச்சிட்டு வந்து உட்கார்ந்தவர், சேம்பரைப் பார்த்தாச்சுன்னு நினைச்சுட்டார். பார்க்கலை. அழுத்தினார். வீட்டுக்குள்ள அந்தச் சத்தம் எப்படி இருக்கும்னு கேட்டவங்களுக்குத்தான் தெரியும். எனக்குக் காது அடைச்சுப்போய் அவர் வாய் அசையறது மட்டும்தான் தெரியுது. தோட்டா பேன்ட்ரி சுவரைத் துளைச்சு உள்ளே இருந்த சோனா மசூரி மூட்டையில போய் நின்னுது. அந்த ஓட்டை வழியா அரிசி சரசரன்னு கொட்டிக்கிட்டே இருந்துது. பேன்ட்ரிக்கு அந்தப் பக்கம் பொண்ணு வீட்டுப்பாடம் எழுதிக்கிட்டிருந்தா. அவளுக்கு அப்போ எட்டு வயசு.

துப்பாக்கி மேல பழி போடலை. தப்பு அவர் தப்புதான், அவரே ஒத்துக்குவார். ஆனா ட்ரிக்கரைத் தொடாமலே கழட்டற பாலிமர் துப்பாக்கியும் இருக்கே! ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் எம் அண்ட் பி-யில அதுக்குன்னே உள்ளே ஒரு சின்ன லீவர் வெச்சிருக்காங்க. கட்டைவிரல் சேஃப்டியோடவும் அது கிடைக்குது. அந்த மாதிரி ஒண்ணைப் பாருன்னு அந்தத் தம்பிகிட்ட நான் சொன்னது என்ன குத்தம்?

"போலீஸே க்ளாக்தான் வெச்சிருக்கு." நியூயார்க் போலீஸ் பல வருஷமா அதோட ட்ரிக்கரை 12 பவுண்டு அழுத்தமாக் கடினமாக்கித்தான் ஆட்களுக்குக் கொடுத்தது. சாதாரணமா அது அஞ்சரை பவுண்டு. பயிற்சி எடுத்த போலீஸுக்கே அப்படி. 2017-ல அமெரிக்க ராணுவம் எடுத்த எம்17 பிஸ்டலும் பாலிமர்தான், அதுவும் கட்டைவிரல் சேஃப்டியோடதான் வந்தது. சிப்பாய்க்குத் தெம்பு பத்தலையா?

"ஆபத்து வந்தா சேஃப்டியைத் தள்ள நேரம் இருக்காது." இது ஒண்ணுதான் கொஞ்சம் நியாயமான கேள்வி. பதட்டத்தில மறக்கலாம், ஒத்துக்கறேன். அதுக்குத்தான் பயிற்சி. சேம்பரைப் பார்க்கறது மட்டும் பயிற்சியில வந்துடும், சேஃப்டியைத் தள்ளறது வராதுன்னா என்ன கணக்கு இது? உங்க வீட்டுக்குள்ள திருடன் எத்தனை தடவை வந்தான்? உங்க பையன் தினமும் அலமாரியைத் திறக்கறானே! தோட்டா போட்ட துப்பாக்கியை அலட்சியமா வெச்சு, 17 வயசுக்குக் கீழே உள்ள பிள்ளை கையில அது கிடைச்சா டெக்சஸ்ல அதுவே குற்றம்னு எத்தனை பேருக்குத் தெரியும்? 2021-லிருந்து லைசென்ஸ் இல்லாமலே எடுத்துக்கிட்டுப் போகலாம்ங்கறது மட்டும் எல்லாருக்கும் மனப்பாடம்.

எனக்கு வலிச்சது கேலி இல்லை. அந்த ஞாயித்துக்கிழமை எங்க வீட்டில் நடந்ததைத் தெரிஞ்ச ரெண்டு பேர் அந்தக் குழுவில இருக்காங்க. மறுநாள் வந்து எங்க கூடத்தில உட்கார்ந்து ஆறுதல் சொன்னவங்க. அவங்களும் சிரிப்புக்குறி போட்டிருந்தாங்க. இதே வரியை என் கணவர் எழுதியிருந்தா யாரும் சிரிச்சிருக்க மாட்டாங்க, "அண்ணா, எந்த மாடல்?"னு கேட்டிருப்பாங்க.

தம்பி, நீ இதைப் படிப்பேன்னு தெரியும். பணம் கட்டறதுக்கு முன்னாடி ஒரு நாள் மனைவியையும் கூட்டிக்கிட்டு வீட்டுக்கு வா. அந்தச் சுவரை நாங்க இன்னும் பூசலை. மூணடி உயரத்தில இருக்கு ஓட்டை. பையனைப் பக்கத்தில நிக்க வெச்சுப் பாரு.